தோற்பதற்கும் இடுப்பு வேண்டும்

இரண்டாவது மதகைத் தாண்டும்போதே இடது இடுப்பு பூட்டிக்கொண்டது. தகரப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி மதகுக் கட்டின்மேல் வைத்தேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். மலையிலிருந்து இரத்தோட்டைக்கு இறங்கும் அந்தப் பாதையில் பிற்பகல் மூன்று மணிக்கு மாட்டுவண்டிகளைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. ஒரு வண்டிக்காரன் என்னைப் பார்த்தான், என் கோட்டைப் பார்த்தான், மாட்டை முடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

கோட்டில் பொத்தான் கிடையாது. காக்கிக் கோட்டு நைந்துபோனதால் நீயே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். பித்தளைப் பொத்தான் ஐந்தும் கிளப்புக்குச் சொந்தம். சமையல்காரர் மீன் அரியும் கத்தியால் அவற்றை அறுத்து எடுத்துக்கொண்டார். பொத்தான் இருந்த இடத்தில் ஐந்து நூல்முடிச்சுகள் இருந்தன. ஒருவனை வேலையிலிருந்து துரத்தியிருக்கிறார்கள் என்பதைத் தமுக்கடித்துச் சொல்லத் தேவையில்லை, அந்த முடிச்சுகளே போதும்.

நான் அந்தக் கிளப்பில் மார்க்கராக இருந்தேன். சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமார் சேர்ந்து நடத்திய கிளப் அது. தேயிலைக்கு ஆகாத ஒரு மொட்டைச் சரிவில் புல் வெட்டி ஒன்பது குழி தோண்டி கோல்ஃப் ஆடினார்கள். சனி, ஞாயிறுகளில் துரைமார் ஒருவரோடு ஒருவர் ஆடுவார்கள். மற்ற நாளில் ஒரு துரை தனியாக வந்தால் அவருக்கு எதிராக ஆட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் மார்க்கர் என்று பெயர். ஆடுவதோடு, அவருடைய மட்டைப் பையையும் தூக்க வேண்டும், பந்து வைக்க ஈரமண்ணைப் பிடித்துச் சின்ன மேடு செய்ய வேண்டும், குழிக்குள் விழுந்த பந்துகளை எடுத்துத் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தோற்க வேண்டும்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கொழும்பில் பந்து பொறுக்கியாக இருந்த வயதிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ரயில் பாதையில் ஜல்லி போட்டேன், கண்டியில் சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தேன், இடையிடையே மட்டை பிடிக்கிற வேலைக்கே திரும்பி வந்தேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் கண்டதில்லை. இந்தக் கிளப்பில் மட்டும் ஆறு வருடம் இருந்தேன். இடத்தின்மேல் ஆசை வந்ததால் அல்ல. நடையும் அலைச்சலும் தாங்குகிற உடம்பு போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒழுகாத ஒரு அறை இருந்தது, வேளைக்குச் சோறு இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இவை இரண்டையும் விட்டுவிட்டு எங்கே போவது?

தோற்பதில் ஒரு முறை உண்டு. எட்டுக் குழி வரைக்கும் துரையை ஒட்டியே போக வேண்டும். ஒரு குழி அவருக்கு, ஒரு குழி நமக்கு. கடைசிக் குழியில் பந்து மயிரிழையில் தவற வேண்டும். மிகவும் மோசமாகத் தோற்றால் மார்க்கருக்கு ஆட்டம் தெரியவில்லை என்பார்கள். ஜெயித்தால் மரியாதை தெரியவில்லை என்பார்கள். வேண்டுமென்றே தோற்றான் என்று தெரிந்துவிட்டால் இரண்டையும்விடப் பெரிய குற்றம். பந்தைப் புதருக்குள் சரியாகப் பத்தடி தள்ளி அனுப்புவதற்கு இடுப்பை முழுதாகத் திருப்பி, கடைசி நேரத்தில் தோளைக் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். நெளிகிற உடம்பு இருந்தால்தான் அது முடியும்.

அந்த வருடம் ஐப்பசி மழை தொடங்கியபோது என் உடம்பு நெளிவதை நிறுத்திவிட்டது.

காலையில் விரல் மடங்காது. இடுப்பு பாதிதான் திரும்பும். பாதி திரும்பி அடித்தால் பந்து தூரம் போகாது. ஆனால் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். முன்பு புதரிலும் மணலிலும் விட்டெறிய முடிந்த பந்து இப்போது ஒவ்வொரு தடவையும் வெட்டின புல்லின் நடுவில் போய் உட்கார்ந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு வந்த ஆபத்து.

கிளப்பின் செயலாளரான துரைதான் வாரத்தில் மூன்று நாள் என்னோடு ஆடுவார். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய தமிழில் கட்டளைகள் மட்டுமே இருந்தன. கேள்வி கேட்டாலும் அதட்டுவது போலத்தான் இருக்கும். அவருக்கும் முதுகு கெட்டுப்போயிருந்தது. மூன்றாவது குழிக்கு வருவதற்குள் அவர் சட்டைக்குள்ளிருந்து கற்பூரத் தைல வாசம் வரும். வண்டிமாட்டுக்குக் கட்டுவதுபோல அகலமான தோல்பட்டி ஒன்றைச் சட்டைக்கு அடியில் கட்டியிருப்பார். மட்டையை வீசும்போது அது கிரீச்சென்று கத்தும். அது என் காதில் விழும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகவே அவர் என்னை வெறுத்தார் என்று நினைக்கிறேன். நானும் அவரைக் கொஞ்சமும் விரும்பவில்லை.

மழையின் தொடக்கத்தில் ஒருநாள் மண்மேடு வைத்துவிட்டு நான் எழுந்திருக்க ஒரு நொடி கூடுதலாக ஆனது.

"வயசு என்னா ஒனக்கு?" என்றார்.

"நாப்பதுங்க, தொரை."

"கெழவன் எனக்கு வேணாம். கண்டியில வாலிப மார்க்கர் இருக்கு. நாளைக்கு கூப்புட்டா நாளைக்கு வரும்."

எதிரே நாலடி அகலத்தில் மழைநீர் ஓடுகிற வாய்க்கால், கான் என்போம், ஒன்று இருந்தது. அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு ஒரே தாண்டாகத் தாண்டிக் காட்டினேன். துரை தலையாட்டினார். அந்தத் தாண்டலுக்காக மூன்று நாள் நான் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஆனால் மார்க்கர் இன்னும் கெட்டிதான் என்ற நினைப்பு அவர் மனதில் பதிந்தது.

அதற்குப் பிறகு வலியை மறைப்பது தனி வேலையாகிவிட்டது. இரத்தோட்டைக் கடைவீதியில் ஒரு சிங்கள வைத்தியர், வெதமாத்தயா, நல்ல எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். தேய்த்தால் சுகம். ஆனால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும், துரையின் மூக்கு அந்த வாசத்தில் பழகின மூக்கு. ஆகவே எண்ணெயை விட்டு, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். மட்டையின் பிடியில் சணலைச் சுற்றித் தடிப்பாக்கினேன். தடித்த பிடியைப் பிடிக்க விரலை முழுக்க மடக்க வேண்டியதில்லை. மண்மேடு வைக்க இடுப்பை வளைக்காமல் மட்டையை ஊன்றி ஒரு முழங்காலைத் தரையில் போட்டேன். அதைத் துரை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது ஒரு காலைப் பின்னால் தூக்கிவிட்டுச் சாய்வேன், முதுகு நேராகவே இருக்கும். ஒன்பது குழிக்கு இரண்டு மேடு, இரண்டு பந்து என்று முப்பத்தாறு தடவை. அவருடைய பந்தையும் நானே எடுத்தேன். அவர் குனிந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆடப் போகும் முன் விறகுக் கொட்டகை விட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். முதுகெலும்பு இரண்டு தடவை சொடக்கு விட்டால் அன்றைக்கு ஒன்பது குழி தாங்கும்.

கிளப்பின் சமையல்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கழுத்தில் செபமாலை போட்ட வேதக்காரர். உப்பும் அடுப்பும் அவர் தயவில்தான் கிடைத்தன. அந்தத் தயவை அவர் சும்மா கொடுக்கவில்லை.

"தூக்குப் போட்டுக்கிறதுன்னா கயிறு வேணும்யா மார்க்கரே. வெறுங்கையில தொங்குனா எப்ப சாவுறது?"

"உப்பு வறுத்தாச்சாண்ணே?"

"வறுத்தாச்சு, வறுத்தாச்சு. தொரைக்கு முட்ட பொரிக்கிற சட்டியில ஒன் இடுப்புக்கு உப்பு. மாதாவே, நான் என்ன பாவம் பண்ணேன்?"

"வெளிய சொல்லிராதீங்க."

"சொன்னா ஒன் வேல மட்டுமா போகும்? என் சட்டியும்ல போகும்!"

இப்படி ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. ஆட்டத்தில் நேர்ப்பந்தைத் தோல்வியாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தூரத்து அடிகளில் முடியாததால் குழிக்குப் பக்கத்தில் உருட்டும்போது தவறவிட்டேன். ஒருநாள் ஒரு முழத் தூரத்திலிருந்து தவறவிட்டபோது துரை தன் மட்டையை என் காலடியில் வீசினார். "என்னய முட்டாள்னு நெனைக்குறியா?" என்றார். அதன்பின் என் உருட்டலை அவர் முறைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

துரைசாணியின் தம்பி சீமையிலிருந்து வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். வந்த நாளிலிருந்து துரையின் நடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில், அத்தான் இனி கோல்ஃப் மட்டையை வைத்துவிட்டுக் கைத்தடி வாங்கலாம் என்று அவர் கேலி செய்ததாகப் பரிமாறப் போன சமையல்காரர் வந்து சொன்னார். மறுநாளே எனக்கு உத்தரவு வந்தது. மச்சினரும் இரண்டு விருந்தாளிகளும் பார்க்க, துரை என்னோடு ஒன்பது குழி ஆடுவார்.

அன்று காலை விட்டத்தில் தொங்கியபோது முதுகு ஒரு சொடக்குத்தான் விட்டது.

எட்டுக் குழி வரைக்கும் சரிக்குச் சரியாகக் கொண்டு வந்தேன். அதில் பாதி என் சாமர்த்தியம், பாதி அந்த ஆளின் பிடிவாதம். தைலமும் தோல்பட்டியுமாக அவர் வீசிய வீச்சைப் பார்த்தால் ஆடுகிறவர் மாதிரி இல்லை, பாம்பு அடிக்கிறவர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மச்சினர் கைதட்டினார். அந்தக் கைதட்டல் எந்த வகை என்பது இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் புரியும்.

கடைசிக் குழியில் துரை ஆறு அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். நான் நாலு அடித்திருந்தேன். என் பந்து குழியிலிருந்து இரண்டு முழத்தில் கிடந்தது. குறைந்த அடியில் முடித்தவனுக்குக் குழி. நான் தோற்க வேண்டுமானால் இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவதில் போட வேண்டும். அத்தனை கண்ணுக்கு முன்னால், சந்தேகம் வராமல். முதலாவதை இடப்பக்கம் கொஞ்சம் வேகமாக விடுவது, திரும்பி வருவதை ஓரத்தில் உரச விடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டு உருட்டு மட்டையோடு குனிந்தேன்.

குனிந்த இடத்தில் முதுகு பூட்டிக்கொண்டது.

மூச்சு நின்று திரும்பி வந்தது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. பக்கவாட்டில் அசைய ஒரு நெல்மணி அளவுகூட இடமில்லை. கைகள் இரண்டும் கிணற்று வாளி மாதிரி நேராகத் தொங்கின. அவற்றால் முன்னும் பின்னும்தான் ஆட முடிந்தது. இடப்பக்கம் தள்ளுவது இனி நடக்காது. அடிக்காமல் அப்படியே நிற்கவும் முடியாது. அடித்தேன். பந்து நேராக ஓடிக் குழிக்குள் விழுந்தது.

நான் ஜெயித்துவிட்டேன்.

நிமிர முடிந்திருந்தால் கையைக் கூப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். முடியவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு, துரையைப் பார்த்தபடி, குனிந்தே நின்றேன். மச்சினர் உரக்கச் சிரித்தார். "சலாம், சலாம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

"எழும்பு" என்றார் துரை.

நான் எழும்பவில்லை.

"பந்து எடு."

வாயைத் திறந்தால் முனகல்தான் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கர் எடுக்காத பந்தை யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். துரை இரண்டு எட்டு வைத்துக் குழிக்கு வந்து குனிந்தார். தோல்பட்டி கத்தியது. முழங்கால் சடசடத்தது. கை குழிக்குள் போனது, ஆனால் வெளியே வரவில்லை. அவரும் பூட்டிக்கொண்டார்.

இரண்டு முகமும் ஒரு கை தூரத்தில் இருந்தன. அவர் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. கண் கலங்கியிருந்தது. ஆறு வருடத்தில் அந்த ஆளை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

"கை" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "கை குடு."

என் கை மட்டையின் மேல் இருந்தது. அதை எடுத்தால் நான் விழுவேன். இன்னொரு கை சும்மா இருந்தது. அதை நீட்டியிருக்கலாம். பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் விழுந்திருப்போம், அது உண்மைதான். ஆனால் அதை யோசித்துக்கொண்டு நான் நிற்கவில்லை. காலடியில் வீசப்பட்ட மட்டையை நினைத்தேன். கொடுக்கவில்லை.

மச்சினர் வந்து துரையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லோரும் போன பிறகு நான் மட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே இழுத்து, அதன்மேல் ஏறுவதுபோல நிமிர்ந்தேன். மேகம் ஒன்று எதிர்மலையைத் தாண்டிப் போகிற நேரம் ஆனது.

குசினிக்கு வந்தபோது சமையல்காரர் கத்தியோடு நின்றார்.

"கோட்ட இப்புடி நீட்டுயா. பொத்தான அறுத்து வாங்கச் சொல்லிட்டாரு."

"கெழவன்னு கண்டுபுடிச்சிட்டாரா?"

"கெழவனா? அப்புடிச் சொல்லியிருந்தாக்கூட ரெண்டு நாளு தவண கெடைச்சிருக்கும். நக்கல் பண்ணியாமே! அவரு முதுகு வளஞ்சு நிக்கிற மாதிரியே வளஞ்சு நின்னு, வெருந்தாளிங்கள சிரிக்க வச்சியாமே!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்புக்கூட வந்தது. இரண்டு மாதமாக வலியை அவ்வளவு ஒழுங்காக மறைத்திருந்தேன். கானைத் தாண்டிக் காட்டியவன் ஒருநாள் வளைந்து நின்றால் அது வலி என்று யார் நம்புவார்கள்?

"அண்ணே, நீங்க போய்ச் சொல்லுங்க. தெனம் உப்பு வறுத்துக் குடுத்தேன்னு ஒரு வார்த்த. எனக்கும் முதுகு போச்சுன்னு தெரிஞ்சா நக்கல் இல்லேன்னு வெளங்கும்ல."

அவர் மூன்றாவது பொத்தானை அறுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வெளங்குனா? கெழவன்னு ஒன்னயத் தொரத்துவாரு. சட்டியக் குடுத்தேன்னு என்னயத் தொரத்துவாரு. ஒருத்தன் போறதுக்கு ரெண்டு பேராப் போவமா?"

"அப்ப சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன். ஒரு நாளாவது ஜெயிச்சியே, அந்தச் சந்தோசத்தோட போ."

"ஜெயிக்கணும்னு அடிக்கல."

"அத ஏன் எங்கிட்ட சொல்ற?" என்று ஐந்தாவது பொத்தானையும் அறுத்து மடியில் போட்டுக்கொண்டார். போகும்போது ஒரு பிடி வறுத்த உப்பு கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

இரத்தோட்டைக்கு வர இருட்டிவிட்டது. வண்டிப்பேட்டையில் வைக்கோல்மேல் படுத்தேன். விடியும் முன்பே எழுந்துவிட்டேன். படுத்திருப்பது நடப்பதைவிட மோசமாக இருந்தது. மாத்தளைக்குப் போகிற ரோட்டில் ஒரு மைல் நடந்தபோது ஒரு கொக்கோத் தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். ஆள் எண்ணுகிற நேரம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

பெரட்டுக்களத்தில் ஒரு கங்காணி வெற்றிலை மென்றபடி தன் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை, காதில் கடுக்கன். பெட்டியோடு நிற்கிற என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"யாருய்யா நீ? பத்துச்சீட்டு இருக்கா?"

பத்துச்சீட்டு என்பது பழைய தோட்டம் விடுவித்ததற்கான சீட்டு. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. கிளப்பில் அப்படி ஒன்று கொடுப்பதில்லை.

"இல்லீங்க கங்காணி. தோட்டத்து ஆள் இல்ல. கெளப்புல வேல செஞ்சேன்."

"கெளப்புலயா? என்ன வேல?"

"தொரையோட பந்து அடிக்கிற வேல."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"சீட்டு இல்லாத ஆளுக்குப் பேர் பதிய மாட்டாங்க. புல்லுவெட்டுக் கொந்தரப்பு என் கையில இருக்கு. அதுக்கு நானே கூலி பேசி ஆளு வச்சுக்கலாம். குனிவியா?"

இரண்டு மாதம் பொய் சொல்லி என்ன கண்டேன் என்று தோன்றியது.

"குனிஞ்சிருவேங்க. நிமிருறதுதான் செரமம். இடுப்பு புடிச்சுக்குது."

கங்காணி என்னை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார்.

"நிமிரச் சொல்லி இங்க ஒன்னய யாருய்யா கேட்டா?"

இந்த முறை ஆண்களும் சிரித்தார்கள். அவர் குவியலிலிருந்து ஒரு சுரண்டியை எடுத்தார். களை சுரண்டுகிற அந்தக் கருவிக்குக் கைப்பிடி ஒரு சாண்தான். நின்றுகொண்டு அதைப் பிடிக்க வழியே இல்லை. என் காலடியில் போட்டார். நான் மெதுவாக ஒரு முழங்காலைத் தரையில் வைத்து அதை எடுத்தேன்.

"ஓடைப் பக்கம் கடைசி நெர ஒன்னுது. போ."

ஓடையோரத்துக் கடைசி வரிசைக்குப் போய், பெட்டியை ஒரு கொக்கோ மரத்தடியில் வைக்கக் குனிந்தவன், எழுந்திருக்காமல், அங்கிருந்தே வெட்டத் தொடங்கினேன்.